மாடி அறையில் ஊதா உதடு

எடமலைப்பட்டி புதூர் சந்திரம்மாளுக்குக் கதை கட்டத் தெரியாது. சாமியாடுகிறவர்களைப் பார்த்தாலே சிரித்துவிடுகிற ஆள். அவளே சொன்னது இது. நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

1965, ஆடி மாதம். சந்திரம்மாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கரு கலைந்த பிறகு கர்ப்பப்பையில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். புருஷன் அழகிரிக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தான். இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை.

"புது மாத்திரைம்மா. கட்டி கரைஞ்சிரும். ஆனா உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறையும். யாரையும் கிட்ட விடக்கூடாது" என்றார் பெரிய டாக்டர். மாடியில் ஒற்றை அறையைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே அவசர வேலையாக மெட்ராஸ் போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் யாரும் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது என்று கதவை வெளியே தாழ் போட்டார்கள். ஜன்னலில் கம்பிவலை. வலைக்கு அப்பால் மொட்டைக் கோபுரம், வெயில், காக்கை. சாயங்காலம் அழகிரி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டுவான். குரல் மேலே வராது. அவன் போன பிறகு அந்த நாலு சுவரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் நர்ஸ் ரோசரி மஞ்சள் மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுப்பாள். மறுபடி தாழ் விழும். டக்.

நாலாம் நாள் மாத்திரையைக் கையில் வாங்கியபோது ஒரு நாற்றம் வந்தது. புண்ணாகிப்போன வாயின் நாற்றம். சந்திரம்மாள் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள். தன் வாய் இல்லை. யாரோ முகத்துக்கு வெகு அருகில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள், தண்ணீர் டம்ளரின் விளிம்பில் ஊதா நிறத்தில் ஓர் உதட்டுத் தடம்.

"சிஸ்டர், இது என்ன?"

ரோசரி துடைத்துப் பார்த்தாள். "வாய்ப்புண்ணுக்குத் தடவுற மருந்துங்க. ஆனா... இந்த ரூமுக்கு அதைக் கொண்டாரவே இல்லையே."

வேறு டம்ளர் கொடுத்தாள். சந்திரம்மாள் மாத்திரையை விழுங்கினாள்.

ஆறாம் நாள். ரோசரி மாத்திரையைக் கையில் வைக்கும்போதே கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். "சிஸ்டர்! ஓடி வாங்க!"

"முழுங்கிருங்கக்கா, வந்துடறேன்."

டக். தாழ் விழுந்தது.

சந்திரம்மாள் டம்ளரை எடுத்தாள். காலி. ரோசரி இப்போதுதான் நிரப்பி வைத்தாள்... கீழே குனிந்தாள். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

சரி, தண்ணீர் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம் என்று கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அந்த நாற்றம்.

மணிக்கட்டை எதுவோ பிடித்தது. ஜில்லென்று... ஈரமாக.

நிமிர்ந்தாள். கட்டில் ஓரத்தில் ஒரு பொம்பளை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. உதடு முழுக்க ஊதா. வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கெல்லாம் புண். பேச்சு வரவில்லை. கர்... கர்... என்று தொண்டை மட்டும் கரகரத்தது.

சந்திரம்மாள் கையை உதறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். தட்டினாள். குத்தினாள்.

"திறங்க! யாராச்சும் திறங்க!"

யாரும் வரவில்லை.

பின்னால் மூச்சு.

கர்... கர்...

திரும்பினாள். முகத்துக்கு நேராக ஒரு கை. ஐந்து விரல்கள், விரித்தபடி.

மறு கை அவள் வாயைப் பொத்தியது.

தாழ் திறந்தது.

ரோசரி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அறையில் சந்திரம்மாளைத் தவிர யாரும் இல்லை. மாத்திரைகள் கைக்குள் நசுங்கிக் கிடந்தன.

"அஞ்சு... அஞ்சுன்னு காட்டுறா சிஸ்டர்..."

"யாருக்கா?"

"ஊதா உதட்டுக்காரி. மாத்திரையத் திங்க விடல. அஞ்சு வெரலக் காட்டுறா."

ரோசரி அந்த மாத்திரைகளைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டாள். பெரிய டாக்டர் போனிலேயே அலறினார்.

"அஞ்சு நாள் குடுத்துட்டு நிறுத்தணும்னு சின்ன டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்! அதுக்கு மேல போனா மருந்தே ஆளைக் கொன்னுடும். நிறுத்துங்க!"

அந்தச் சொல் சின்ன டாக்டரோடு நின்றுபோயிருந்தது. ரோசரியிடம் யாரும் சொல்லவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லாததால் அவள் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பத்து நாள் இடைவெளி விட்டு, பெரிய டாக்டரே பக்கத்தில் நின்று மறுபடி மாத்திரை கொடுத்தார். கட்டி கரைந்தது. சந்திரம்மாள் பிழைத்தாள்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ரோசரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கீழ் வார்டுல, உங்க கட்டிலுக்கு நேர் கீழ இருளாயின்னு ஒரு அக்கா. முசிறிப் பக்கம். உங்களுக்கு நாலு நாள் முன்னாடி அதே மாத்திரைய ஆரம்பிச்சது. ஒன்பது நாள் நிறுத்தாம குடுத்துட்டோம். வாயெல்லாம் வெந்துபோச்சு. ஊதா மருந்து தடவினோம். என்னமோ சொல்ல வந்தாங்க. பேச முடியல. எங்களுக்குப் புரியல. அன்னிக்கு மாத்திரை குடுக்கறப்போ கீழேருந்து கத்தி என்னைக் கூப்பிட்டாங்களே... அப்பதான் அவங்க உயிர் போச்சு."

செத்தவள் வந்து தன்னைக் காப்பாற்றினாள் என்று சந்திரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரோசரி தலையை ஆட்டினாள். குரல் இறங்கிவிட்டது.

"இல்லக்கா... டம்ளர்ல தடம் இருந்துச்சே, அதுக்கு முந்தின நாள் நாத்தம் வந்துச்சுன்னீங்களே... அந்த ரெண்டு மத்தியானமும் அவங்க உயிரோடதான் இருந்தாங்க. எழுந்திரிக்க முடியாம கெடந்தாங்க. உங்களுக்கு மாத்திரை குடுக்க மேல வந்த நேரம் போக, நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."