திட்டுக்குச் சொந்தக்காரன்

எங்க தெருவுக்குக் கரண்டு வந்துச்சே, அதுக்கு அடுத்த சித்திரை. மக வீட்டுக்கு வந்திருக்கேன். "கொள்ளிடத்து நடுவுல ஒரு திட்டு இருக்குப்பா. மருதமரம் பூரா வௌவாலு கொத்துக் கொத்தாத் தொங்கும், பாத்துட்டு வாங்க"ன்னு மக கெளப்பி விட்டுட்டா. ஆத்துல தண்ணி இல்ல. மணலு கடலை வறுக்குற சூட்டுல கெடக்கு. வௌவாலு சொகமா நெழல்ல தொங்குது, அதப் பாக்க நான் காலு பொரிய நடக்குறேன்.

திட்டச் சுத்தி முள்வேலி. உள்ள காவக்காரரு துண்ட விரிச்சுப் படுத்திருக்காரு.

"பெரியவரே, உள்ள வரக் கூடாது. பட்டா நெலம்."

"ஆத்துக்குமா பட்டா? யாருதுங்க?"

"அனுபவிக்கிறது பெரிய பண்ணை. உச்சவரம்புச் சட்டம் வந்துச்சுல்ல, அதனால பேருக்கு அவரு பண்ணையாளு மேல எழுதியிருக்கு. கீழத்தெரு சின்னான் மகன் காத்தமுத்துன்னு."

எனக்குச் சிரிப்பு வருது. அந்தப் பண்ணையிலதான் பாதி ஆயுசு ஏரு ஓட்டுனேன். குடிசை போட நாலு குழி நெலம் கேட்டப்ப, "எடமே இல்லடா"ன்னாரு புண்ணியவான். இம்மாம் பெரிய தோப்ப எனக்குக் குடுத்துட்டு, சொன்னாப் பெருமையாயிடும்னு மறைச்சிருக்காரு பாருங்க.

"அந்தக் காத்தமுத்து நாந்தாங்க."

காவக்காரரு எந்திரிச்சு உக்காந்து என்னை ஏற எறங்கப் பாக்குறாரு. "அவரு செத்துட்டாருன்னுல்ல சொன்னாங்க?"

"எனக்கு யாரும் சொல்லலியே."

வேலிக்கு வெளியில, எந்நெலத்து வாசல்ல, வெயில்ல நிக்கிறேன். தாலுக்காபீஸ் பக்கம் போறவங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க: காத்தமுத்து சாவல, நெலத்தக் கேட்டு வந்துக்கிட்டிருக்கான்.