மணம் பார்க்கும் மேசை

சந்தனம், மல்லிகை, ஈரமான கரித்தூள்... மூன்றும் கலந்த மணம் வாசலிலேயே முகத்தில் மோதும். தொண்ணூறுகளின் இறுதியில், மைசூரின் ஓர் ஊதுபத்திக் கூடத்தில் வருகைப் பதிவெழுதி வந்தேன்.

ஹனூரிலிருந்து பிழைக்க வந்த செல்வி அக்கா அங்கே பத்தி உருட்டினார். வயது நாற்பத்து மூன்று. நாளெல்லாம் தரையில் அமர்ந்து முதுகு போயிற்று. மணம் முகர்ந்து தரம் பிரிக்கும் மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார்.

மேற்பார்வையாளர் கன்னடர், தமிழும் பேசுவார். "நாப்பது தாண்டினா மூளையில செல்லு சாவும், பொறக்காதும்மா. புது வாசனையெல்லாம் இனி ஏறாது. போய் உருட்டு."

எனக்குள் தீ மூண்டது. நூலகத்தில் ஓர் அறிவியல் இதழ் படித்திருந்தேன். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றேன்.

"வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன, ஐயா. மூளைக்குள் இருக்கும் குழியின் சுவரில் பிறந்து, ஒன்றையொன்று பற்றி முன்னே நகர்ந்து, மணமறியும் பகுதியில் குடியேறுகின்றன."

"எலிக்குச் சரிப்பா. இந்தம்மா எலியா?"

கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"பொறந்த எடத்த உட்டு அவ்வளவு தூரம் போவுதுங்களா தம்பி?"

"போகின்றன, அக்கா."

"அப்ப நானும் போய்ப் பாக்கறேன். சார், பரீட்ச வையிங்க."

பன்னிரண்டு பத்திகள். பற்றவைக்காமல் முகர்ந்து, மாதிரியோடு இணை சேர்க்க வேண்டும். நான்குதான் சரி.

"பாஷண முகீத்தா?" என்றார் மேற்பார்வையாளர் என்னிடம். பேச்சு முடிந்ததா என்று.

நான் தலைகுனிந்தேன். அக்கா குனியவில்லை. உணவு இடைவேளைதோறும் உடைந்த பத்திகளை அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போவார். கண்மூடி முகர்வார்... தவறுவார்... மீண்டும் முகர்வார். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் தேர்வு கேட்டார்.

பதினொன்று சரி. மறுநாள் மேசை முன் அமர்ந்தார்.

அது புதிய அணுக்களின் வேலையா? அறியேன். மனித மூளையில் அவ்வாறு நிகழ்கிறதா என ஆய்வாளர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். எலியை வைத்து நான் அடித்துப் பேசியது இளமைத் துணிச்சல். ஆனால், "இனி ஏறாது" என்ற தீர்ப்பு பொய்த்ததை என் கண்ணால் கண்டேன்.

இன்று எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. சென்ற ஆண்டுக் காய்ச்சல் என் மோப்பத்தைப் பறித்துப் போனது. "இந்த வயசுல வந்தா வரும் சார், இல்லன்னா விட்டுடுங்க" என்கிறார் இளம் மருத்துவர்.

விடுவதாக இல்லை. காலைதோறும் கிராம்பு, பிறகு எலுமிச்சைத் தோல்... ஒவ்வொன்றாய் முகர்கிறேன்.

இன்றும் ஒன்றும் தெரியவில்லை.

நாளையும் முகர்வேன்.