நான் ஏற்றிய ஒரு தவறான எண்

விருதுநகரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். உடலில் புரதம் உருவாக உதவும் நொதிகளைப் பற்றி, பல ஊர் ஆசிரியர்கள் சேர்ந்து நிரப்பும் இணையத் தகவல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. வகுப்பெல்லாம் முடிந்த களைப்போடு நானும் அதில் பதிவுகள் ஏற்றுவேன்.

என் முதுகலை மாணவி முத்துச்செல்வி ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருபவள். அவளுடைய ஆய்வில் ஒரு நொதி மூன்று மாதமாக வேலையே செய்யவில்லை. கவனம் போதாது என்று நானும் இரண்டு முறை கடிந்துகொண்டேன். ஒருநாள் படிப்பை நிறுத்தப்போவதாக வந்து நின்றாள்.

"எங் கையே சரியில்ல மேடம். அம்மாகூட பட்டாசு கம்பெனிக்கே போயிருதேன்."

அவளைத் தேற்றத்தான் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நொதியை அறுபது டிகிரியில் வைத்திருந்தாள். அந்தச் சூட்டில் அது கெட்டுப்போகும். இந்த எண்ணை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். தொகுப்பைத் திறந்து, பதிவின் கீழிருந்த என் பெயரைக் காட்டினாள்.

"நீங்க போட்டதுதான மேடம், அதான் நம்பிச் செஞ்சேன்."

நான் பார்த்து ஏற்றிய அட்டவணையில் அடுத்த வரியிலிருந்த வேறொரு நொதியின் எண்ணை இதற்கு மாற்றி ஏற்றியிருந்தேன். பேசாமல் பிறகு திருத்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"தப்பு என்னோடதும்மா" என்றேன்.

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "அப்ப எங் கையில தப்பில்லியா மேடம்?" என்று சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

முப்பது டிகிரியில் அந்த வாரமே நொதி வேலை செய்தது. அவள் படிப்பை விடவில்லை.

நான் ஏற்றிய பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. எந்த ஊர் ஆய்வகத்தில் யார் என் பெயரை நம்பி, தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, தெரியவில்லை.