திரி கத்தரிக்கும் மெதாரும் நாடகப் பஞ்சாங்கமும்

மெதார் லொரிகேயைப் போலத் திரி கத்தரிக்கப் பாரிஸில் இன்னொருவன் பிறக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான்.

எங்கள் நாடகக் கொட்டகையில் ஒவ்வோர் அங்கம் முடிவதற்குள்ளும் மேடை விளிம்பில் எரியும் நாற்பது மெழுகுவர்த்திகளும் புகைய ஆரம்பித்துவிடும். திரை விழுந்ததும் மெதார் கத்தரியோடு வருவான். குனிந்தபடியே கருகிய திரிகளை நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டு போவான். ஒரு சுடர்கூட அணையக் கூடாது. அணையாவிட்டால், நின்றுகொண்டு பார்க்கும் தரை டிக்கெட் கூட்டம் கைதட்டும். அணைந்தால் ஊளையிடும். பதினோரு வருடமாக மெதாருக்குக் கைதட்டல்தான். நாற்பதாவது திரியை வெட்டியதும் கத்தரியை நெஞ்சில் வைத்து இடுப்பு ஒடிய ஒரு வணக்கம் போடுவான். ராஜா வேடக்காரன்கூட அப்படிப் போடமாட்டான். நான் மேடை விளிம்பில் ஒரு குழிக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவன். அவன் குனியும்போதெல்லாம் நாகரிகத்துக்காகத் தலையில் பூசிய வெள்ளை மாவு என் மூக்கில்தான் கொட்டும். நான் தும்மினால் அதற்கும் கைதட்டுவார்கள், அதையும் தனக்கென்று எடுத்துக்கொள்வான்.

இந்தப் பெருமைக்காரனுக்கு ஒரே ஒரு குறை. நாடகப் பஞ்சாங்கத்தில் அவன் பெயர் இல்லை.

வருடப் பிறப்புக்கு வருகிற, சட்டைப்பையில் அடங்குகிற புத்தகம் அது. முதல் வருடம் புனிதர்களின் திருநாள்களும் நாடகங்களின் பட்டியலும் மட்டும் இருந்தன. மறு வருடம் நடிகர்களின் பெயர்கள் ஏறின. அதற்கடுத்து அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது மாடியில் இருக்கிறார்கள் என்பதும் வந்தது. நடிகைகளின் வீட்டு வாசலில் பூங்கொத்தோடு வாலிபர்கள் மொய்த்தார்கள். பிறகு புதிதாக வந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், செத்தவர்கள் என்று மூன்று பட்டியல்கள். பிறகு பிடில்காரர்கள். பிறகு நான், அதுவும் சின்ன எழுத்தில். கடைசியாக, பணக்காரர்கள் உட்காரும் மாடங்களின் கதவைத் திறந்துவிடும் பெண்கள். வருடத்துக்கு ஒரு படி இறங்கி வந்த புத்தகம் மெதாருக்கு ஒரு படி மேலே வந்ததும் நின்றுவிட்டது.

கதவு திறக்கும் பெண்கள் ஏறியது அவர்களில் ஒருத்தியான உர்சூலின் கைங்கரியம். பஞ்சாங்கத்தைத் தொகுக்கும் முசியே கனோவுக்கு ஒரு மாதம் முழுக்க அவள் கதவே திறக்கவில்லை. சாவி தொலைந்தது என்றாள், கை சுளுக்கு என்றாள். மனுஷன் பணிந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு மாதம் எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்து பழகியவர் அங்கேயே தங்கிவிட்டார். வெளியே வருகிறவர்களைக் கூப்பிட்டு, "இன்னைக்கு யாருக்கு அதிகக் கைதட்டல்?" என்று கேட்பார், எழுதிக்கொள்வார். நாடகம் பார்க்காமல் நாடகத்தைப் பற்றி எழுதுவது எவ்வளவு சுகம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த உர்சூல் மேல்தான் மெதாருக்கு ஆசை. அவளோ விதவை. முதல் புருஷன் தன்னை இசைக்குழுவில் குழல் வாசிப்பவன் என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். எங்கள் ஊரில் தாலி கிடையாது, மோதிரம்தான்; அது ஏறிய பிறகுதான் தெரிந்தது, வாசிப்பவனுக்குக் குழலைத் தூக்கிக்கொண்டு போகிறவன் என்று. அன்றிலிருந்து அச்சில் இல்லாத எதையும் அவள் நம்புவதில்லை.

"மெதாரு, உன்ன எனக்குப் பிடிக்கும்யா. ஆனா புத்தகத்துல பேரு இருக்கிற ஆளத்தான் கட்டுவேன். நான் இருக்கேன்ல? நீ எங்க இருக்க?"

"மக்கள் மனசுல இருக்கேன்."

"அது எத்தனாம் பக்கம்?"

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சோக நாடகம் போட்டோம். சோகம் எங்களுக்குத்தான். ஐந்து அங்கங்களுக்கும் ஊளை. அரசி விஷம் குடித்தபோது, "எங்களுக்கும் கொஞ்சம் குடும்மா!" என்று தரையிலிருந்து ஒருவன் கத்தினான். இடைவேளைகளில் மெதார் வந்தால் மட்டும் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். முடிந்ததும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தி, மூன்று முறை மேடைக்கு வரவழைத்தார்கள். எதிர்க்கடையில் கனோ வழக்கம்போலக் கேட்டார். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். அது யார் என்று கேட்காமலே அவர் எழுதிக்கொண்டார்.

வருடம் பிறந்தது. நடிகர்கள் பட்டியலில், புதியவர்களுக்குக் கீழே: 'முசியே லொரிகே. முதல் மேடையிலேயே பெரும் வரவேற்பு.'

மெதார் அந்தப் பக்கத்தை என் முகத்தில் தேய்க்காத குறை. "அண்ணே, உங்க எழுத்தவிட என் எழுத்து பெருசு, கவனிச்சீங்களா?"

உர்சூல் இரண்டு முறை படித்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். "சரி, வா, கோயில்ல நம்ம கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்" என்றாள். மெதார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் பங்குச் சாமியார் பெயர்களைக் கேட்டதும் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அதே பஞ்சாங்கம்! வருடா வருடம் முதல் ஆளாக வாங்குகிறவர் அவர்தானாம், யாருக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்று பார்க்க.

"நடிகனுக்குத் திருச்சபையில கல்யாணமும் இல்ல, கல்லறையும் இல்ல. மேடையத் துறந்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அப்புறம் பேசலாம்."

"போட்டுட்டா கத்தரியோட மேடைக்குப் போலாமா சாமி?"

"மேடைன்னா மேடைதான். கால் வைக்கக் கூடாது."

"ஐயோ சாமி, இவன் திரி வெட்டுறவன்!" என்றாள் உர்சூல்.

"அச்சுல இருக்கே மகளே."

தன் வேதமே தன் தலையில் விழும் என்று அவள் நினைத்திருப்பாளா? மெதார் சுவரோடு சாய்ந்துவிட்டான். கையெழுத்துப் போட்டால் வேலை போச்சு, போடாவிட்டால் உர்சூல் போச்சு. பாவமாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா?

"சாமி, அவன நடிக்கச் சொல்லிப் பாருங்களேன்."

சாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். உர்சூல் மெதாரின் காதைப் பிடித்துக் கிசுகிசுத்தாள்: "யோவ், கேவலமா நடி. என் மேல ஆணை."

கேவலமாக நடிப்பதா? மெதாரா? கைதட்டலுக்குப் பிறந்தவன் அவன். மூச்சை இழுத்தான், முடியைக் கோதினான், உயிரைக் கொடுத்து நடிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் மூன்று பேரும் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். திரி வெட்டும் முறைக்காகக் காத்திருப்பவன் காதில் ஒவ்வோர் அங்கத்தின் கடைசி வரி மட்டும்தான் விழும்.

"போகிறேன் அரசி! வாளே, வழி காட்டு!" என்று முழங்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். திரும்பி வந்தான். "குதிரைகளைக் கொண்டு வாருங்கள்!" மறுபடி வெளியே போனான். "மகனே, நீயா? ஐயோ!" மறுபடியும் வெளியே. நான் பழக்க தோஷத்தில் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நடுவில் வர வேண்டிய வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். யார் கேட்டார்கள்? கடைசியாக, "விஷம் ஏறிவிட்டது, ரோமாபுரியே, விடை கொடு!" என்று மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டே விழுந்தான். சாமியாரின் வெள்ளிக்கிழமைக் கெண்டை மீன் தட்டோடு அவன் நெஞ்சில் விழுந்தது. பூனை அதை அங்கேயே தின்ன ஆரம்பித்தது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இருபது வருஷமா எத்தனையோ நடிகன விரட்டியிருக்கேன். சிலரோட பாவமன்னிப்பே நடிப்புதான். மகனே, நீ நடிகன் இல்ல. திருச்சபை சார்பாவே சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கிறேன்."

உர்சூல் அவர் கையை முத்தமிட்டாள். மெதார் மட்டும் எழுந்திருக்கவில்லை. "சாமி, அஞ்சாவது அங்கம் இன்னும் பண்ணலையே..." என்றான்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறுநாளே உர்சூல் காப்பிக்கடைக்குப் போய், நடிகர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாள்.

"எடுத்துடலாம் மதாம். ஆனா பஞ்சாங்கத்துல ஒரு பேரு சும்மா காணாமப் போகாது. ஒண்ணு ஓய்வு, இல்லன்னா சாவு. எது போடட்டும்?"

அடுத்த வருடம் வந்தது: 'முசியே லொரிகே மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். ரசிகர்களுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு.'

மெதார் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு சாமியார் வீட்டுக்கு ஓடினான். நடிகன் இல்லையென்று சொன்னவர் படித்துப் பார்க்கட்டும்! வாசல் வரை போனான். தட்டாமல் திரும்பினான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும்.

"ஏன்டா தட்டல?" என்று கேட்டேன்.

"தட்டினா நான் நடிகன் ஆயிடுவேன் அண்ணே. அப்புறம் உர்சூல் என் பொண்டாட்டியா இருக்க மாட்டாளே."

அன்று முதல் அவன் தலை மாவு மூக்கில் கொட்டினால் நான் திட்டுவதில்லை. பாரிஸிலேயே பெரிய பெருமைக்காரன், ஒரு பெண்ணுக்காகப் பதினேழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பதினேழாவது வருடம் அவனுக்கு மார்புச் சளிக் காய்ச்சல். வைத்தியர் கையை விரித்துவிட்டார். சாமியார், பாவம், அவருக்கும் வயதாகிவிட்டது, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழோடு மாடியேறி வந்தார். மெதார் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய பக்கத்தை எடுத்து நீட்டினான்.

"சாமி, மறைச்சிட்டேன். நான் நடிகன்."

"அட பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் உர்சூல்.

சாமியார் படித்தார். அவனைப் பார்த்தார். கெண்டை மீன் ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதடு துடித்தது. சிரிக்கப் போகிறார் என்று எனக்குப் பயம். சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, மேடையைத் துறப்பதாக எழுத ஆரம்பித்தார்: 'நடிகர் மெதார் லொரிகே ஆகிய நான்...'

"அந்த 'நடிகர்'ங்கிறத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சாமி."

பெரிதாகவே எழுதினார். அவன் கையெழுத்துப் போட்டான், சாமியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டான்.

துறந்தது துறந்ததுதான், இனி மேடையில் கால் வைக்க முடியாது. இப்போது வேறொருவன் திரி வெட்டுகிறான், மூன்றுக்கு ஒன்றை அணைத்துவிடுகிறான். கீழே தரை டிக்கெட்டில், சட்டைப்பையில் அந்தத் தாளோடு, ஓய்வு பெற்ற நடிகர் லொரிகே நிற்கிறார். எல்லாரையும்விடச் சத்தமாக ஊளையிடுவது அவர்தான்.