ஆளில்லாத அறையில் ஓடிய மின்விசிறி

எங்கள் வீட்டில் ஐந்து அறைகள். கீழே மூன்று, மாடியில் இரண்டு. பெரியவன் பிரான்சு போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு. கடைக்கால் தோண்டின நாளிலிருந்து வெயிலில் நின்று வேலை வாங்கியவள் நான். சின்னவன் சென்னையோடு போய்விட்டான். அவர்களுடைய அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு ஐந்து அறைக்கும் நான் ஒருத்திதான்.

பொழுது சாய்ந்ததும் எல்லா அறையிலும் டியூப்லைட்டைப் போட்டுவிடுவேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மாடியில் மின்விசிறியையும் போட்டேனே, அதற்கு எந்த சாஸ்திரத்தைச் சொல்ல? விசிறி ஓடினால் ஜன்னல் திரை ஆடும். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பெற்றவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று என் பிள்ளைகளை ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

போன கோடையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் சரியாக வரவில்லை. சாயங்காலம் ஆனால் லோ வோல்டேஜ். விசிறி றெக்கையைக் கையால் எண்ணிவிடலாம், அப்படிச் சுற்றும். எதிர்வீட்டில் பிள்ளை பெற்று வந்திருந்த பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடப்பாள். இருக்கிற டிரான்ஸ்பார்மர் இத்தனை வீட்டைத் தாங்கவில்லை, புதுசு வேண்டும் என்று மின்துறைக்கு எழுதிப் போட்டோம். வரும், பொறுங்கள் என்றார்கள்.

மகளிர் குழுத் தலைவி, திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிறவள், ஒரு யோசனை சொன்னாள். அவரவர் வீட்டில் வேண்டாததை நிறுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரம் ஓடின யூனிட்டை அங்கன்வாடிச் சுவரில் எழுதுவோம். எனக்கு எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். எண் நன்றாகத் தெரியும். என் மீட்டரை நானே பார்த்து, நானே சாக்பீஸால் எழுதினேன். தெருவிலேயே பெரிய எண் என்னுடையதுதான். ஏழு பேர் இருக்கிற வீடு கூட எனக்குக் கீழே.

"இன்னா ஆயா, தனியா ரைஸ் மில்லு ஓட்றியா?" என்றாள் கடைசி வீட்டு மருமகள்.

"மாடில பேய்ங்களுக்கு வாடகைக்கு வுட்டுக்குதுடி ஆயா," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"என் புள்ளைங்க வந்துட்டுப் போனாங்க," என்றேன்.

"எப்ப? நாங்க யாரும் பாக்கலியே?"

"உங்கிட்ட சீட்டு வாங்கினுதான் வரணுமா?"

நான் தலை நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன். வந்ததும் மாடி விசிறியைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவி வந்தாள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பையோடு நேராக என் வீட்டுக்கு.

"பெரிம்மா, எங்கனா ஒயர்ல லீக்காவுதான்னு பாத்துட்டுப் போறேன்," என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அறை அறையாகப் பார்த்தாள். மாடிக்கும் ஏறினாள். மூட்டு வலியோடு நானும் பின்னாலேயே ஏறினேன்.

மாடி அறையில் கட்டில், அதன் மேல் உறை போட்ட மெத்தை. விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இங்க யாரு பெரிம்மா படுக்கறாங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் ஃபேனு?"

பொய் கைவசம் இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த ஜன்னல் வழியாகவே தெரிந்தது, தாய்க்காரி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"திரை ஆடட்டும்னுதான்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் பெரிம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். சுவிட்சை அவள் தொடவே இல்லை. தொட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

நானே அணைத்தேன். அந்த அறை, பக்கத்து அறை, கீழே இரண்டு. முன்கூடத்தில் மட்டும் ஒரு எல்.இ.டி. பல்பு மாட்டச் சொல்லி, அதன் கீழே நாற்காலி போட்டுக்கொண்டேன். என் ஒருத்தியால் எல்லார் வீட்டு விசிறியும் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். தெருவே சேர்ந்து குறைத்தது. எதிர்வீட்டு விசிறி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது, குழந்தையின் அழுகையும் குறைந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் எண் தெருவிலேயே சின்னது. கை தட்டினார்கள். மாடி ஏன் இருட்டாகக் கிடக்கிறது என்று அந்த வாரம் முழுக்க ஒருத்தர் கேட்கவில்லை. ஐந்து அறைக்கும் லைட்டு போட்டு நான் யாருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்த வாரம் பால்காரி, மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவள், கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒத்த லைட்டு எரியுது. தனியாவா இருக்கற?"

இத்தனை வருஷத்தில் யாருக்கும் சொல்லாத பதில்.

"ஆமா. தனியாத்தான் இருக்கறேன்."

"சரிக்கா, கேட்ட சாத்திக்க. நாயி பூந்துடப் போவுது," என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போனாள். எழுந்து போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.