மோர்டன் அமைதியான ஆள்

இன்று அலுவலகச் சாப்பாட்டறையில் என் மானம் போனது.

எங்கள் கோப்புகள் மூன்று நிறுவனங்களின் கிளவுட்டில் கிடக்கின்றன. எதை யார் திறக்கலாம் என்று பார்த்துக்கொள்பவர் இஷொய் என்ற டெனிஷ் ஊரிலிருந்து வேலைக்கு வரும் செல்வி. அவர் அனுப்பும் பெயர்ப்பட்டியலில், இன்னும் அனுமதி தேவைப்படுகிறவர்களுக்கு நான் சரி போட வேண்டும். காலையில் ரயிலில் இருந்தபடியே எல்லோருக்கும் போட்டுவிட்டேன்.

ரொட்டித் தட்டோடு வந்தார் செல்வி. "அண்ணை, பேரெல்லாம் பாத்தனீங்களோ?"

"ஓம் தங்கச்சி, ஒவ்வொண்டாப் பாத்தனான்."

"உங்கட குழுவில மோர்டன் எப்பிடி?"

யாரென்று தெரியவில்லை. ஆனால் எந்த டெனிஷ் அலுவலகத்தில்தான் ஒரு மோர்டன் இல்லை?

"நல்ல பெடியன். அமைதியான ஆள். தன்ர பாட்டில வேலை செய்வான்."

"அது எங்கட வீட்டுப் பூனை, அண்ணை. ஆர் பாக்காமல் சரி போடுறியள் எண்டு பிடிக்கத்தான் அந்தப் பேரைச் சேர்த்தனான்."

"ஐயோ, வேற ஆரும் மாட்டுப்பட்டவையோ?"

"அந்தக் கதை உங்களுக்கு வேண்டாம். நாலு மணிக்கிடையில ஒழுங்காப் பாத்துத் தாங்கோ. இல்லாட்டி ரிப்போர்ட்டில உங்கட பேர் போகும்."

முதன்முறையாகப் பட்டியலை முழுதாகப் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது! ஓய்வு பெற்றுப் போனவர் இரண்டு கிளவுட்டில் இன்னும் வேலை செய்கிறார். மூன்றாவதில் ஒருவர், என்றோ விட்டுவந்த பழைய பிரிவின் லீவுப் பட்டியலை இன்றும் திறக்கலாம்.

அந்த ஒருவர் நான்தான். அங்கே யார் யாரோடு ஒரே வாரத்தில் லீவு எடுக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே, இப்படித்தான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஓய்வு பெற்றவரையும் பூனையையும் என்னையும் பட்டியலிலிருந்து ஒன்றாக வெளியேற்றினேன்.

பழைய பிரிவு நண்பர்களே, இனி உங்கள் லீவுக் கதை நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. கீழே எழுதுங்கள்.