மூன்று பீக்கர் தண்ணீர்

என் மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது அந்த ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். மருந்தைப் புரத உருண்டைகளுக்குள் அடைப்பது எங்கள் வேலை. மருந்து கலந்த ஆல்புமின் என்ற புரதக் கரைசலை எண்ணெயில் விட்டுச் சுழற்றினால் துளித்துளியாக உடையும். அந்தத் துளிகளை ரசாயனம் விட்டு இறுக்குவோம். வெறும் கண்ணுக்கு மஞ்சள் பொடி. மைக்ராஸ்கோப்பில் அத்தனையும் கடுகு போல உருண்டை. உடம்பு அந்தப் புரதத்தைக் கரைக்கக் கரைக்க மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வேளை தவறாமல் கொடுக்க யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதுதான் வியப்பு. ஸ்ரீவராகத்தில் இருந்த எங்கள் வீட்டில் மாமியார், "குழந்தைக்கு மருந்து குடுத்தியோ?" என்று கேட்டால், கொடுத்த எனக்கே சந்தேகம் வந்துவிடும். அதனால் மருந்து ஸ்பூனைக் கழுவாமல் சாட்சிக்கு வைத்திருப்பேன்.

எங்கள் உருண்டைகளில் ஒரு குறை இருந்தது. முதல் ஒரு மணி நேரத்திலேயே மருந்தில் பெரும்பகுதி வெளியே கொட்டிவிடும். அடுத்த தொகுதியும் அப்படி ஆனால் இந்த முறையையே விட்டுவிடுவார்கள். என் வேலையும் அத்துடன் முடியும்.

அந்தத் தொகுதியை எண்ணெய் போக ஈதரில் அலசிவிட்டு, தண்ணீரில் ஒருமுறை கழுவ வேண்டும். கழுவினேன். சரியாகக் கழுவினேனா என்று தோன்றியது. மறுபடி கழுவினேன். அப்படியும் மனம் ஒப்பாமல் மூன்றாவது முறையும் கழுவினேன். தண்ணீரை மட்டும் கொட்டாமல் மூன்று பீக்கர்களில் மூடி வைத்தேன்.

மறுநாள் சோதனையில், முதல் மணி நேரத்தில் மருந்து மிகக் கொஞ்சமே வெளியே வந்திருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் சந்தேகம். உள்ளே இருந்த மருந்தையெல்லாம் கழுவிக் கெடுத்துவிட்டேனோ? சொல்லாமல் இருந்தால் வேலை நிலைக்கும். மத்தியானம் வரை சொல்லாமல்தான் இருந்தேன். பிறகு பொறுப்பாளர் மேடத்திடம் போய், மூன்று முறை கழுவியதைச் சொன்னேன். மலையாளியான அவர் என்னிடம் தமிழில் பேசப் பார்ப்பார்.

"மூணு பிராவசியமோ? மோளே, இதென்ன சோறு வச்ச பாத்திரமா?"

"தண்ணி இருக்கு மேடம். கொட்டலை."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு பீக்கர்களைப் பார்த்தார். அளந்தோம். முதலாவதில் மருந்து நிறைய, இரண்டாவதிலும் கணிசமாக, மூன்றாவதில் இலேசாக. உருண்டையின் மேல் ஒட்டியிருந்ததுதான் இத்தனை நாளும் முதலில் கொட்டியிருக்கிறது. உள்ளே இருந்தது அடுத்தடுத்த நாட்களில் நிதானமாக வந்துகொண்டே இருந்தது.

"இனி நீயே கழுகு," என்றார் மேடம்; 'கழுவு' என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். செய்முறை நோட்டைத் திருத்தவும் சொன்னார். 'மூன்று முறை' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் போய், பீக்கர்களை ஒருதரம் எண்ணிப் பார்த்தேன்.